கையொப்பம் சரி

மாத்தளை பஸ் நிலையத்துக்கு எதிரே, ஹஸீபின் கணினிக் கடையில், திலக்ஷன் திரையை விட்டுக் கண்ணெடுக்காமல் உட்கார்ந்திருக்கிறான். பக்கத்துக் கடைக் கராம்பின் வாசம் மழை ஈரத்தோடு உள்ளே வருகிறது. தன் கடவுச்சொல்லைத் தட்டியதும், எழுத்துக் குப்பையாகக் கிடந்த ஹம்சிகாவின் மின்னஞ்சல் தமிழாகிறது: “உன்னைப் பிடிக்கவில்லை. இனி எழுதாதே.” அவள் பெயரில் அவளுடைய அண்ணன் எதையாவது எழுதி அனுப்பிவிடுவானென்று பயந்து, பூட்டும், அவளுடைய கடவுச்சொல் இல்லாமல் விழாத கையொப்பமும் போடுகிற இந்த மென்பொருளை அவளுடைய மடிக்கணினியில் ஏற்றிப் பழக்கிக் கொடுத்தவனே இவன்தான். “இது அவ எழுதினதில்ல மச்சான். அண்ணன்காரன்ட வேலை” என்கிறான். ஹஸீப் ரோல்ஸைக் கடித்தபடி குனிகிறான். கடிதத்தின் தலையில் பச்சைப் பட்டை: கையொப்பம் சரி, ஒப்பமிட்டவர் ஹம்சிகா. திலக்ஷன் விடவில்லை: “அவனுக்கு அவட கடவுச்சொல் தெரிஞ்சிருக்கும்டா.” “ஒனக்கே சொல்லாதவ அவனுக்கா சொல்லப்போறா?” வெளியே நடத்துனர் தம்புள்ள, தம்புள்ள என்று கூவுகிறார். திலக்ஷன் மறுபடி சரிபார்க்கச் சொல்லி அழுத்துகிறான். மென்பொருளுக்கு அலுப்பில்லை, மறுபடியும் பச்சை. இன்னொரு முறை அழுத்துகிறான். ஹஸீப் விரலிலிருந்த எண்ணெயை நக்கிக்கொண்டு, மெய்யான மரியாதையோடு அவன் முதுகில் தட்டுகிறான். “ஒரு எழுத்துக்கூட பிசகல மச்சான். நல்லாத்தான் அவளுக்குப் படிச்சிக் குடுத்திருக்க.”