டிடெக்டிவ் பார்த்த கொலை

"உங்க டிடெக்டிவ் ஏமாத்துறாரு!"

கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்த மாரிட் நிமிர்ந்து பார்த்தாள். வரிசையில் கடைசி ஆள். எண்பதைத் தொடும் வயது. பூட்ஸில் ஒட்டியிருந்த பனி உருகிப் புத்தகக் கடையின் தரையில் சொட்டிக்கொண்டிருந்தது. கையில் அவளுடைய புது நாவல், பக்கத்துக்குப் பக்கம் காகிதத் துண்டுகள் செருகியபடி.

அமெரிக்காவின் ஏரிக்கரை நகரமான டுலூத்தில் அவளுக்கு இப்படிப்பட்ட வாசகர்கள் புதிதல்ல. சிரித்தாள். "எந்த இடத்துல சார் ஏமாத்தினாரு?"

"ஏரிக் கப்பல்ல வேலை பார்க்கிற ஒருத்தன் 1981 நவம்பர்ல காணாமப் போறான். போலீஸுக்கு ஒண்ணும் அகப்படல. நாற்பது வருஷம் கழிச்சு உங்க டிடெக்டிவ் ஒரு மெஷின்ல ஏறி அந்த நாளுக்கே போறாரு. சமையலறைக் கதவுக்குப் பின்னாடி நின்னுக்கிட்டு, பொண்டாட்டி அவனை வாணலியால அடிச்சுக் கொல்றதைப் பார்த்துடறாரு. இதுக்குப் பேரு துப்பறியறதா? வேடிக்கை பார்க்கிறது!"

"காலப்பயணம்னு வந்தா அப்படித்தானே சார்?"

"இல்லைம்மா. மெஷின் இருக்கட்டும். ஆனா ஏறுறதுக்கு முன்னாடி படிக்கிறவனுக்கு ஒரு துப்பாவது தரணும். நீங்க தரல. ஏன்னா, உங்ககிட்டயே இல்ல."

கடைக்காரப் பெண் நாற்காலிகளை மடக்கத் தொடங்கியிருந்தாள். மாரிட்டுக்கு எழுந்துகொள்ள மனமில்லை. எந்த விமர்சகரும் இதைக் கேட்டதில்லை.

"ஏன் இல்ல? நிலவறையில புதுசா சிமென்ட் தரை இருக்கே! அதுக்கு அடியிலதான் பொணம்."

"அந்தத் தரை ஆகஸ்ட்லயே போட்டாச்சு. தண்ணி கசிஞ்சுக்கிட்டே இருந்துச்சு. அவனேதான் சிமென்ட் கலந்து போட்டான்."

"நாவல்ல அப்படி இல்லையே!"

"நாவல்ல இல்லதான்."

மாரிட்டுக்கு ஆவல் கூடிவிட்டது. நாற்காலியை முன்னுக்கு இழுத்துக்கொண்டாள். "சரி, நீங்களே சொல்லுங்க. அவன் என்னதான் ஆனான்?"

"பஸ் ஏறிப் போயிட்டான். சியாட்டில்ல இன்னொருத்தி இருந்தா. வீட்டுல சொல்லத் தைரியம் இல்ல."

"அப்படி எழுதினா யார் சார் வாங்குவாங்க? துப்பறியும் கதைன்னா ஒரு கொலை வேணும்."

"வேணும்னா வேற யாராவது கொன்னதா எழுதுங்க. செய்யாதவ தலையில ஏன் கட்டுறீங்க?"

"அவதான் செஞ்சா!"

குரல் அவளை மீறி உயர்ந்துவிட்டது. கடைக்காரப் பெண் திரும்பிப் பார்த்தாள்.

முதியவர் புத்தகத்தை மேசைமேல் வைத்தார். "அந்த வீட்டுல ஏழு வயசுல ஒரு பொண்ணு இருந்தாளே. அவளை மட்டும் ஏன் கதையில சேர்க்கல?"

மாரிட்டின் முகம் வெளிறியது. அந்தக் குழந்தையைப் பற்றி அவள் எந்தப் பேட்டியிலும் வாய் திறந்ததில்லை.

"நீங்க... அந்தத் தெருவுல குடியிருந்தீங்களா?"

அவர் தொப்பியைக் கழற்றினார்.

"நேத்து முதியோர் இல்லத்துக்குப் போய் அந்தப் பொண்ணோட அம்மாவைப் பார்த்தேன். பதினாறு வருஷமா நீ அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கலையாம்." புத்தகத்தை அவள் பக்கம் நகர்த்தினார். "ஒரு தடவை போயிட்டு வாம்மா. உன் அம்மா என்னைக் கொல்லல."