வேதாந்தம் வீட்டு மல்லிகை

"பூ கொடுக்கறதுக்கில்லே, வத்சலா."

வேதாந்தம் இதைச் சொன்னபோது அவர் முதுகுக்குப் பின்னால் நாலு பாத்தி மல்லிகை மொட்டும் பச்சையுமாக நின்றது. வேலிக்கு வெளியே வத்சலா வெயிலில் நின்றாள்.

எமர்ஜென்சி முடிந்து இரண்டாவது கோடை. டில்லி கிட்வாய் நகர் சர்க்கார் குவார்ட்டர்ஸில் வேறு எந்த வாசலிலும் ஒரு பூச்செடி உயிரோடு இல்லை. குழாயில் தண்ணீர் காலையில் எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடும். மாடி வீடுகளுக்கு அதுவும் கிடையாது. ரோஜாத் தொட்டிகளில் வெறும் மண்தான் மிச்சம், அதிலும் பாதி லூ என்கிற அனல் காற்றில் பறந்துவிட்டது.

"மாமா, நாளைக்கு விஜிக்கு வளைகாப்பு. ஜடை தைக்கணும். கொஞ்சம் மொட்டு போதும்."

"இருந்தாத்தானே தருவேன்."

"அப்போ பின்னாடி தெரியறது என்ன மாமா?"

அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "ஐ.என்.ஏ. மார்க்கெட்ல நம்மூர் மளிகைக் கடை வாசல்ல ஆராயின்னு ஒருத்தி பூ விக்கறா. அவகிட்ட கேளு."

வளைகாப்புக்குப் பூ கேட்டு வந்தவளை யாராவது வெறுங்கையோடு அனுப்புவார்களா? இந்த மனிதர் மார்க்கெட்டுக்கு வழி சொல்கிறார். ஜன்னலுக்குப் பின்னால் அவர் மனைவி ராஜலக்ஷ்மி நிற்பது தெரிந்தது. அவளும் வாயைத் திறக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் வத்சலா கணவர் சேஷனிடம் கொட்டித் தீர்த்தாள்.

"நாம ஒரு வாளித் தண்ணிக்கு அல்லாடறோம். அவர் செடியைக் குளிப்பாட்டறார். சரி, பூத்ததுல ஒரு கை தரப்படாதோ? எனக்கு வேண்டாம், பொண்டாட்டிக்காவது தராரா? வெள்ளிக்கிழமை ஆனா ராஜி மாமி பையைத் தூக்கிண்டு மார்க்கெட்ல பூ வாங்கப் போறா. நானே பாத்திருக்கேன்."

"ஆபீஸ்லயும் அப்படித்தான்" என்றார் சேஷன். "ஒரு பென்சில் கேட்டா, 'என்னோடது இல்லே, சர்க்காரோடது'ம்பார். கடைசி வரைக்கும் கொடுக்க மாட்டார்."

"சோடோ அம்மா, விட்டுத் தள்ளு" என்றாள் டில்லியில் பிறந்து வளர்ந்த விஜி. "பூக்கார பையாகிட்ட மாலை வாங்கி வெச்சுக்கறேன்."

"ஊசியில கோத்ததையா? அது படத்துக்குப் போடறதுடி. தலைக்குக் கையால நெருக்கிக் கட்டின பூன்னா வேணும்."

கையால் கட்டிய பூவுக்கு வேதாந்தம் சொன்ன இடத்தை விட்டால் வேறு வழியில்லை. வத்சலாவுக்கு அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது. அனல் சற்று இறங்கியதும் கிளம்பினாள்.

மளிகைக் கடை வாசலில் ஈரச் சாக்கு போர்த்திய கூடையோடு ஆராயி உட்கார்ந்திருந்தாள். சேலத்துப் பக்கத்திலிருந்து கட்டட வேலைக்கு வந்தவள். சிமென்ட் அரித்த விரல்கள் பூவைத் தொட்டும் தொடாமலும் சரம் கட்டிக்கொண்டிருந்தன.

"நல்ல மொட்டா வேணும்மா. நாளைக்கு எங்காத்துல..."

"வளைகாப்புங்களா? கிட்வாய் நகருங்களா?"

ஆராயி கூடையின் அடியிலிருந்து இலையில் பொதிந்த பொட்டலத்தை எடுத்தாள். "மத்தியானம் பறிக்கப் போனப்பவே எடுத்து வச்சிட்டேங்க. ஜடைக்கு உதிரி மொட்டு, தலைக்குக் கட்டின சரம். 'அந்தம்மா வருவாங்க, பெரிய மொட்டாப் பாத்து வையி'ன்னு ஐயா சொன்னாரு."

"எந்த ஐயா?"

"வேதாந்தம் ஐயாதான். இது அவங்க வாசல்ல பூத்ததுங்க."

வத்சலாவுக்குச் சுறுசுறுவென்று கோபம் ஏறியது. "ஓஹோ. கேட்டு வந்தவாளுக்கு இல்லேன்னுட்டு, அவர் தோட்டத்துப் பூவை உன்னை விட்டு விக்கறாரா?"

ஆராயியின் விரல்கள் நின்றன.

"அவரு தோட்டம்னு யாருங்க சொன்னது? மூணு கோடைக்கு முந்தி அது பூராவும் காஞ்சு கெடந்துச்சு. ஐயா பிடுங்கிப் போடப் போனாரு. நான் பொழைக்க வைக்கிறேன், பூத்தா பூ எனக்குன்னு கேட்டேன். சரின்னாரு. அன்னையிலேருந்து தெனம் நீங்க எல்லாம் எந்திரிக்கிறதுக்கு முன்ன பார்க்கு அடிபம்புல தண்ணி அடிச்சு, தலையில சொமந்து ஊத்திப்புட்டுத்தான் வேலைக்குப் போறேன். மண்ணு சர்க்காருது, வாசல் ஐயாவுது, பூ என்னுதுங்க."

சொல்லும்போதே அவள் முகத்தில் பெருமை தாங்கவில்லை.

"ஐயா ஒரு மொட்டு கிள்ள மாட்டாரு. ராஜிம்மாவே எங்கிட்டத்தான் வந்து வாங்குறாங்க. என்னுதுன்னு வெளிய சொன்னா ஆளாளுக்கு வந்து பறிச்சிருவாங்கன்னு அவரு யாருகிட்டயும் சொல்றதில்லீங்க."

வத்சலாவுக்குக் காலையிலிருந்து பேசியதெல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்து சுட்டது. தலையைக் குனிந்துகொண்டு பர்ஸைத் திறந்தாள்.

ஆராயி பொட்டலத்தை அவள் பைக்குள் வைத்தாள். "காசு வேண்டாங்க. மாசமா இருக்கிற புள்ள தலைக்கு நான் குடுக்கிறது."

"ஐயோ, நீ இந்தக் கோடையில தண்ணி சுமந்து..."

ஆராயி முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தாள்.

"என் தோட்டத்துப் பூவுங்கம்மா. குடுக்கிறதும் மாட்டேங்கிறதும் நாந்தானே சொல்லணும்?"