பாம்பு இருக்கிறது, உள்ளே வராதீர்கள்

"பச்சைப் பொய்," என்று டீச்சர் அந்தத் தகரப் பலகையை விரலால் தட்டினார்.

'பாம்பு இருக்கிறது. உள்ளே வராதீர்கள்.'

ஏரியைச் சுற்றிப் போகும் நடைபாதையில் ஒரு பகுதியை முள் வெட்டிப் போட்டு அடைத்து, முன்னால் இந்தப் பலகையை நட்டிருந்தார் விசில். ஏரிக் காவலாளிதான். கழுத்தில் எந்நேரமும் விசில் தொங்குவதால் அந்தப் பேர். சொந்தப் பேர் அவருக்கே மறந்திருக்கும்.

"இருபது நாளா யாராவது ஒரு பாம்பைப் பார்த்தாங்களா? நீங்க பார்த்தீங்களா டெய்லரம்மா?"

"வாலைக்கூடப் பார்க்கல டீச்சர்," என்றேன்.

டீச்சர் தினமும் பத்தாயிரம் அடி நடக்கிறவர். பாதையை அடைத்த நாளிலிருந்து அவர் கைக்கடிகாரம் எட்டாயிரத்தைத் தாண்டவில்லை. மிச்ச ரெண்டாயிரத்தை வீட்டு ஹாலில் நடந்து தீர்க்கிறார், வீட்டுக்காரர் டிவி பார்க்கும்போது குறுக்கும் நெடுக்குமாக.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்வார். பொய் மட்டும் ஆகவே ஆகாது. முப்பத்து நாலு வருஷம் கணக்குச் சொல்லிக் கொடுத்தவர். 'நோட்டை வீட்டில் மறந்துட்டேன்' என்ற பிள்ளைகளை, வீடு வரைக்கும் கூட்டிப் போய்ப் பார்த்தவர்.

"பொய் சொன்ன வாய்க்குப் போஜனம் கிடையாது. இந்த ஆளுக்கு இனிமே இங்க வேலையும் கிடையாது," என்று பையிலிருந்து மனுவை எடுத்தார்.

காவலாளியை மாற்றச் சொல்லி எங்கள் நடைக் குழுவில் நாற்பத்தொரு பேர் கையெழுத்து. அதில் என்னுடையதும் உண்டு. பத்து மணிக்கு நகரசபை அலுவலகத்தில் கொடுப்பதாக ஏற்பாடு.

தூரத்தில் விசில் வருவது தெரிந்ததும் டீச்சர் என்னை மரத்துக்குப் பின்னால் இழுத்தார்.

விசில் ஒரு கையில் ஸ்டூல், ஒரு கையில் குச்சியோடு வந்தார். முள்ளை விலக்கி உள்ளே போய், திரும்ப அடைத்துக்கொண்டார்.

"பார்த்தீங்களா? நமக்குத்தான் பாம்பு. அவருக்கு மாமனார் வீடு மாதிரி, போறதுக்கு ஸ்டூல் வேற."

"தூங்கப் போறாரோ?"

"இல்லைன்னா மீன் பிடிக்க. போனை எடுங்க. மனுவோட படத்தையும் சேர்த்துக் கொடுத்துடலாம்."

"முள்ளு புடவையைக் கிழிச்சிடும் டீச்சர்."

"கிழிஞ்சா தைக்க ஆள் கூடவே இருக்கு. வாங்க."

உள்ளே நுழைந்து நாலடி வைப்பதற்குள் தலைக்கு மேல் ஒரு பறவை கத்திக்கொண்டே சுற்ற ஆரம்பித்தது. கொஞ்ச தூரத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த விசில் பதறி எழுந்தார். விசிலை ஊதவில்லை. மெதுவாகத்தான் சொன்னார்.

"அப்படியே நில்லுங்க டீச்சர். அடுத்த அடி வைக்காதீங்க."

டீச்சர் குனிந்து பார்த்தார். நானும் பார்த்தேன். முதலில் வெறும் சரளைக் கல்தான் தெரிந்தது. உற்றுப் பார்த்தால் அதில் நாலு கல், முட்டை. கூடு கிடையாது, மறைவு கிடையாது. நட்ட நடுப்பாதை.

"ஆள்காட்டிக் குருவி," என்றார் விசில். "இவ்வளவு பெரிய ஏரியில அதுக்கு இந்த இடம்தான் பிடிச்சிருக்கு. நாய் வந்துடுதுன்னு குச்சியோட உட்கார்ந்திருக்கேன். இன்னும் எட்டு நாள்தான். குஞ்சு பொரிச்ச மறுநாளே ஓடிடும். அப்புறம் முள்ளை எடுத்துடுவேன். நீங்க பழையபடி நடக்கலாம்."

டீச்சர் விடவில்லை. "அதுக்காகப் பாம்புன்னு எழுதணுமா? உள்ளதை எழுத வேண்டியதுதானே?"

"போன வருஷம் உள்ளதைத்தான் எழுதினேன் டீச்சர். 'பறவை முட்டையிட்டிருக்கிறது, யாரும் வராதீர்கள்'னு. அன்னைக்குச் சாயந்திரமே ஊர் திரண்டு வந்துடுச்சு, பார்க்கறதுக்கு. நல்லவங்கதான் எல்லாரும். ஒரே நிமிஷம், ஒரே ஒரு படம்னு கேட்டாங்க. பறவை மேலேயே சுத்திக்கிட்டு இருந்தது. இறங்கி உட்காரவே முடியல. முட்டை மூணும் வெயில்ல வீணாப் போச்சு."

யார் வந்தார்கள் என்று அவர் சொல்லவில்லை.

நான் போனைப் பைக்குள் போட்டேன். போன வருஷம் அந்த முட்டைப் படத்தை எங்கள் வாட்ஸப் குழுவில் போட்டு முப்பது இதயம் வாங்கியவள் நான்தான். படத்தின் ஓரத்தில், முட்டையைக் காட்டிப் பேரனுக்கு ஒண்ணு, ரெண்டு, மூணு சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தவர் டீச்சர். எனக்கு வெட்கமாகிப் போனது.

டீச்சர் வந்த வழியிலேயே பார்த்துப் பார்த்துக் கால் வைத்துத் திரும்பினார்.

வெளியே குழுவினர் காத்திருந்தார்கள். நடை முடிந்ததும் பெஞ்சில் உட்கார்ந்து, அவரவர் டப்பாவைத் திறந்து டிபன் சாப்பிடுவது எங்கள் வழக்கம்.

"என்ன டீச்சர், ஆளைக் கையும் களவுமாப் பிடிச்சீங்களா?"

டீச்சர் வாயைத் திறந்தார். மூடினார். பழக்கமில்லாத வேலை இல்லையா.

"பாம்பு இருக்கு," என்றார்.

"நிஜமாவா? எவ்வளவு பெருசு?"

டீச்சர் திருதிருவென்று என்னைப் பார்த்தார்.

"ஒண்ணு இல்ல, ரெண்டு," என்றேன்.

கூட்டம் பத்தடி பின்னால் போனது.

"அப்ப மனு?"

"புதுசா எழுதறேன். எல்லாரும் மறுபடி கையெழுத்துப் போடுங்க. இந்த வேலி போதாது, வருஷா வருஷம் இந்த மாசத்துல இன்னும் பத்தடி முன்னாலயே அடைக்கணும்."

சாப்பிட உட்கார்ந்தோம். டீச்சர் தன் டப்பாவைத் திறக்காமலேயே என் பக்கம் தள்ளினார்.

"இதை விசில்கிட்ட கொடுத்துட்டு வாங்க."

"நீங்க சாப்பிடல?"

"பொய் சொன்ன வாய்க்குப் போஜனம் கிடையாது."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அவரும் பொய் சொன்னவர்தானே டீச்சர்?"

டீச்சர் முள்வேலியைப் பார்த்தார்.

"அவரைச் சொல்ல வெச்சது நாமதானே."

நான் எழுந்தேன். என் டப்பாவையும் சேர்த்து எடுத்துக்கொண்டேன். ரெண்டாவது பாம்பு என்னுடையது.