ஏழாவது வாசல்

செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் செல்போன் பழுது பார்க்கும் எழிலரசனைத் தேடி, சென்னையிலிருந்து குரு வந்திருந்தான். இருபது வருடங்களுக்கு முன் பட்டன் போனுக்காக அவர் செய்த கோட்டை விளையாட்டை, டிவியில் இணைத்து ஆடும் கன்சோலுக்காகக் குருவின் கம்பெனி மறுபடி வெளியிடுகிறது.

"ஆறு வாசல் திறக்குது சார். ஏழாவதை இதுவரைக்கும் ஒருத்தரும் திறக்கல. எப்படித் திறக்கறதுன்னு சொல்லுங்க."

"அப்ப எம் பேரை எங்கயும் போடல. இந்தத் தடவையாவது போடுவீங்களா தம்பி? எம் பொண்ணே நம்ப மாட்டேங்குது. கதை விடாத நைனாங்குது."

குரு லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினான். முதல் திரையிலேயே 'உருவாக்கம்: எழிலரசன், செஞ்சி' என்றிருந்தது. எழிலரசன் அதைப் படம்பிடித்து உடனே மகளுக்கு அனுப்பினார்.

"இப்ப சொல்லுங்க சார். உள்ள இன்னா இருக்குது?"

"ஒண்ணும் இல்ல தம்பி. அந்த போன்ல விளையாட்டுக்குக் கொடுத்த இடமே கொஞ்சம். ஆறு வாசலுக்கே சரியாப் போச்சு. ஏழாவது வெறும் கதவுப் படம்."

குரு லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டான்.

"இருபது வருஷமா திறக்காத வாசல்னு விளம்பரமே குடுத்தாச்சு சார். அது அப்படியே இருக்கட்டும்."

"இருக்கட்டும். நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

"உங்க பேரு இருந்தா தேடி வந்து கேப்பாங்களே" என்றபடி குரு முதல் திரையில் அவர் பெயரிருந்த வரியை அழித்தான்.

எழிலரசனின் போனில் மகளின் பதில் வந்து விழுந்தது. "சாரி நைனா. ஃப்ரெண்ட்ஸ் எல்லாருக்கும் அனுப்பிட்டேன். கேம் எப்ப வருது?"