மன்ரோவின் பல்வலி

"ஒருத்தருக்கு ரெண்டு பாக்கெட்டுக்கு மேல குடுக்கக் கூடாது பெரியவரே. சட்டம்."

கல்லாவில் இருந்த ஷீனா, நான்கு வலி மாத்திரைப் பாக்கெட்டுகளில் இரண்டைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டாள். எதிரே மழைக்கோட்டில் நீர் சொட்ட நின்றார் மன்ரோ. மீன்பிடிப் படகில் காலம் தள்ளி ஓய்வு பெற்றவர். துறைமுகத்துக்கு மேலே தனியாகக் குடியிருக்கிறார்.

"பல்வலிம்மா. உயிர் போகுது. பல் டாக்டர் அடுத்த வருஷம் வரச் சொல்றான்."

ஷீனாவுக்கு அதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. வடக்கு ஸ்காட்லாந்தின் அந்தச் சின்ன ஊரில் பல் டாக்டர் கிடைப்பது குதிரைக்கொம்பு. பொறுக்க முடியாமல் வீட்டுக் குறடாலேயே பல்லைப் பிடுங்கிக்கொண்ட புண்ணியவான்களும் அங்கே உண்டு.

"அதுக்கு எதுக்கு நாலு?"

"வலி ஒரேயடியா நிக்கணும்."

"இப்படித் தின்னா வலி நிக்காது, ஈரல்தான் நிக்கும்." மீதி இரண்டையும் அவள் பிடுங்கிக்கொண்டாள். "என் தங்கச்சி முதுகுவலிக்கு இப்படித்தான் ஆரம்பிச்சா. ஜலதோஷப் பொடியிலயும் இதே மருந்துதான் இருக்குன்னு தெரியாம அதையும் கலக்கிக் குடிச்சா. முதல்ல ஒண்ணும் தெரியலை, நல்லாத்தான் நடமாடினா. அப்புறம் பார்த்தா கண்ணெல்லாம் மஞ்சள். அவ பிழைச்சது மறுபிறவி."

"ஏம்மா, அவர் மாத்திரை அவர் இஷ்டம். எங்களை அனுப்பு" என்று வரிசையில் ஒரு குரல் கேட்டது.

"அவசரம்னா நீங்க அந்தப் பக்கம் போங்க" என்றாள் ஷீனா. பக்கத்துக் கல்லாவைக் காட்டிவிட்டு, மன்ரோவைக் கையைப் பிடித்துப் பின்னறைக்கு அழைத்துப் போனாள்.

பாலும் சர்க்கரையும் தாராளமாகப் போட்டுத் தேநீர் கொடுத்தாள். அவர் குடித்து முடிப்பதற்குள், பல் மருத்துவமனையில் வேலை பார்க்கும் தன் சித்தி மகளுக்கு போன் போட்டு, கெஞ்சி, கொஞ்சம் மிரட்டி, மறுநாள் காலைக்கு ஓர் இடம் வாங்கிவிட்டாள்.

"நாளைக்கு டாக்டரைப் பார்த்துட்டு நேரா இங்க வாங்க. உங்க முகத்தை நான் பார்க்கணும். வரலைன்னா வீட்டுக் கதவைத் தட்டுவேன்."

மன்ரோ தேநீர்க் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார். "நீ ரொம்பப் பொல்லாதவம்மா" என்றார்.

மறுநாள் பத்து மணிக்கெல்லாம் சித்தி மகள் போனில் பொரிந்து தள்ளினாள். மன்ரோ வரவே இல்லையாம். வேறெங்காவது மாத்திரை வாங்கித் தின்றுவிட்டுக் கிடக்கிறாரோ? கதவைத் தட்டிப் பார்த்துவிடலாம் என்று ஷீனா கோட்டை மாட்டும்போது, கையில் ஒரு பிஸ்கட் டப்பாவுடன் அவரே உள்ளே வந்தார்.

"பல் டாக்டர்கிட்ட போகலையாமே? உங்களுக்காக நான் யார் யார் காலைப் பிடிச்சேன் தெரியுமா?"

"கோவிச்சுக்காதம்மா. வேற டாக்டர்கிட்ட போயிருந்தேன். பொறுமையா உக்காந்து கேட்டார். இனிமே வாராவாரம் வரச் சொல்லியிருக்கார். மனசு நிறைஞ்சிருக்கு. உனக்கு நன்றி சொல்லாம வீட்டுக்குப் போக மனசு வரலை."

"நன்றி இருக்கட்டும். அந்தப் பல்லை என்ன பண்ணினார்?"

மன்ரோ அந்தப் பக்கம் திரும்பினார். மேல்வரிசையும் கீழ்வரிசையுமாக முழுப் பல்செட்டையும் கழற்றிக் கைக்குட்டையில் ஏந்தியபடி திரும்பினார். கண்ணில் நீர் நிற்க, பொக்கை வாயால் சிரித்தார்.

"எனக்குச் சொந்தப் பல்லுன்னு ஒண்ணு இருந்து வருஷக்கணக்காச்சும்மா. வலிச்சது வேற. எல்லாத்தையும் நேத்தோட முடிச்சுக்கலாம்னுதான் உன் கடைக்கு வந்தேன். நீ பாட்டுக்கு நாளைக்கு வான்னுட்டே."