எட்டாவது டாம்பர்

"அண்ணே, டார்ச்சை இந்தப் பக்கம் அடிங்க! ஐயய்யோ, என்ன அண்ணே இது?"

ஏணி உச்சியில் நின்ற இன்ஜினியர் கத்தினார். ஒரு படி கீழே நின்ற ஃபிட்டர் டார்ச்சை அடித்தார்.

காலையில் வந்தது சின்ன நிலநடுக்கம்தான். பாலத்தை ஒட்டியிருக்கும் இன்ஜினியர் வீட்டில்கூட ஒரு டம்ளர் உருளவில்லை. ஆனால் இந்தப் பாலம் மட்டும் ஒரு மூலையில் முழ அகலத்துக்குப் பிளந்து, மேலே போன பேருந்தின் முன்சக்கரம் அதில் இறங்கிவிட்டது. நாற்பது பேரை ஜன்னல் வழியாக வெளியே இழுத்தார்கள். யாரும் சாகவில்லை. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போனது.

தூணுக்கும் பாலத்துக்கும் நடுவே எட்டு டாம்பர்கள். கதவு படாரென்று சாத்தாமல் இருக்க மேலே ஒரு குழாய் வைப்பார்களே, அந்த ஜாதிதான். ஆனால் ஆள் உயரம். தரை உதறினால் நீண்டு சுருங்கி, அந்த உதறலைத் தானே வாங்கிக்கொள்ளும். ஏழும் ஒழுங்காக வாங்கியிருந்தன. எட்டாவதில், லாரியில் கொண்டுவரும்போது அசையாமலிருக்க மாட்டுகிற சிவப்புக் கம்பி அப்படியே போல்ட் போட்டு இறுக்கியிருந்தது. அதனால் அடி முழுவதும் தூணின் தலையில் விழுந்து, கான்கிரீட் நொறுங்கிக் கிடந்தது.

"கட்டினப்பவே கழட்டாம விட்டுட்டானுங்களா?"

"இல்ல சார். எட்டையும் நான்தான் கழட்டினேன். ஸ்டோர்ல பூட்டி வெச்சோம்."

"அப்ப எந்தப் படுபாவியோ திரும்ப மாட்டியிருக்கான்! ஆறு மாசத்துக்கு ஒரு தடவை செக் பண்றோமே, எப்படிக் கண்ணுல படாம போச்சு?"

"மேல ஏறிப் பார்க்கிறது நான் சார். நீங்க கீழ நின்னு கையெழுத்து போடுவீங்க."

இன்ஜினியருக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஸ்டோர் சாவியும் இவரிடம்தானே!

"அண்ணே... நீங்களா?"

"நான்தான் சார். எட்டுல ஒண்ணுதானே, என்ன ஆயிடப் போகுதுன்னு நினைச்சுட்டேன்."

"உங்களை என் கூடப்பிறந்தவரா நினைச்சேனே! நாற்பது உயிர் அண்ணே!" இன்ஜினியர் குனிந்து ஃபிட்டரின் தோளைப் பிடித்தார். "நீங்களா செஞ்சிருக்க மாட்டீங்க. யாரோ சொல்லியிருக்கான். யாரு?"

"வேணாம் சார். எம்பேரை எழுதிக்குங்க. நான் உள்ள போறேன்."

"முடியாது! அவன் எவ்வளவு பெரிய கொம்பனா இருந்தாலும் சரி, ரிப்போர்ட்ல முதல் பேர் அவன் பேர்தான். கம்பி எண்ண வைக்காம விடமாட்டேன். என் புள்ள மேல சத்தியம். சொல்லுங்க!"

ஃபிட்டருக்குக் கண் கலங்கிவிட்டது.

"அந்தப் புள்ள பிறந்தப்போதான் சார். 'பாலத்து மூலையில லாரி போறப்பல்லாம் டங்கு டங்குன்னு அடிக்குது, பச்சக் குழந்தை கண்ணே மூட மாட்டேங்குது. என்ன செய்வீங்களோ தெரியாது, அந்தச் சத்தத்தை நிறுத்துங்க அண்ணே'ன்னு நீங்க என் கையைப் பிடிச்சுக்கிட்டுக் கேட்டீங்க... இந்த டாம்பர்தான் சார் அடிச்சுக்கிட்டிருந்தது."