ஹைட்ரேஞ்சியா தேறிவிட்டது

"இனிமே கவலை இல்லைம்மா. உங்க செடி பிழைச்சுக்கிச்சு" என்றாள் நர்சரிக்காரி.

தொட்டியைத் திருப்பிக் காட்டினாள். ஹைட்ரேஞ்சியாவின் அடித்தண்டில் புதுத் துளிர்கள் விட்டிருந்தன. எதிரே நின்ற அம்மாளின் முகத்தில் மட்டும் மலர்ச்சியைக் காணோம்.

முதல்முறை வந்தபோது அந்த அம்மாளின் கைப்பையில் ஒரே ஓர் இலை இருந்தது. நடுவில் பழுப்பு, சுற்றிலும் ஊதா வளையம். இலைப்புள்ளி நோய் என்று பார்த்தவுடனே சொல்லிவிட்டாள் நர்சரிக்காரி. புள்ளி விழுந்த இலைகளைக் கிள்ளிக் குப்பையில் போடவும், தண்ணீரை இலைமேல் தெளிக்காமல் வேரில் ஊற்றவும் சொல்லி அனுப்பினாள். அது அடங்கியதும், மாவு தூவியதுபோல் சாம்பல் நோய் வந்தது. தொட்டியைச் சுவரோரத்திலிருந்து காற்றோட்டமான இடத்துக்கு மாற்றச் சொன்னாள், அதுவும் போனது.

பிறகு ஒருநாள், மண் ஈரமாக இருந்தும் செடி துவண்டுவிட்டதென்று தொட்டியையே வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்துவிட்டார் அந்த அம்மாள். பிடுங்கிப் பார்த்தால், வேரழுகல்.

"இதைப் போட்டுட்டு இதே மாதிரி புதுசு ஒண்ணு எடுத்துட்டுப் போங்கம்மா."

"வேண்டாம்மா. என் மருமக ஆசையா வச்சது. வெளியூர்ல இருக்கா. போன்ல இதைப் பத்தித்தான் விசாரிச்சுக்கிட்டே இருக்கா."

மருமகளுக்கு இப்படிப் பயப்படும் மாமியாரை நர்சரிக்காரி பார்த்ததில்லை. சிரிப்பை அடக்கிக்கொண்டு, அழுகிய வேர்களை வெட்டியெறிந்து, தண்ணீர் தேங்காத புது மண்ணில் நட்டு, செடியைத் தன் பொறுப்பிலேயே வைத்துக்கொண்டாள்.

இப்போது துளிரைத் தடவியபடி, அந்த அம்மாள் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"இதுக்கு வேற என்னென்ன நோய் வரும்?"

"ஏம்மா இன்னும் பயப்படறீங்க? நல்லா தேறிடுச்சுன்னு மருமககிட்ட தைரியமா சொல்லுங்க."

"சொல்லிட்டா அப்புறம் போன் பண்ண மாட்டாம்மா. வாய்க்கு வந்த நோயைச் சொன்னாலும் கண்டுபிடிச்சிடுவா, செடி கொடின்னா அவளுக்கு அத்துப்படி." அந்த அம்மாளின் குரல் தழைந்தது. "என் பையனும் அவளும் கோர்ட்டுல பிரிஞ்சாச்சு. செடிக்கு உடம்பு சரியில்லைன்னாதான், 'அத்தை'ன்னு கூப்பிட்டுக் கொஞ்ச நேரம் பேசறா."